பி.பி. நம்பரிலிருந்து ஓ.டி.பி. வரை

எண்பதுகளில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அடியில், முகவரிக்குப் பக்கத்தில், மூன்று நான்கு இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அதை ஒட்டி ‘பி.பி.’ என்று போட்டிருப்பார்கள். அந்த போன் பத்திரிகை அடித்த வீட்டுக்குச் சொந்தமானதல்ல. பக்கத்து வீட்டுடையது, அல்லது தெருமுனை மளிகைக் கடையுடையது. அந்த எண்ணுக்கு அழைத்து, இன்னார் வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட வேண்டும். கடைப் பையன் ஓடுவான். தறியிலிருந்து எழுந்து ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வருவார். பத்து நிமிடம் கழித்து மறுபடி மணி அடிக்கும்.

வாலாஜாபேட்டையில் (நாங்கள் வாலாஜா என்றுதான் சொல்வோம்) ஒரு தெருவுக்கு ஒரு போன் இருந்தாலே அது வசதியான தெரு. இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, லைன் கிடைக்கும்வரை தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். தந்திக்காரர் தெருவில் நுழைந்தால், எந்த வீட்டின் முன் சைக்கிளை நிறுத்துகிறார் என்று தெருவே பார்க்கும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே சில வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்தி 2013 ஜூலையோடு நாடு முழுவதும் நின்றுபோனது.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் காத்திருப்புக்குக் கனம் அதிகம். வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேட வேண்டும். அதனால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். எல்லையில் இருக்கும் மகனின் இன்லேண்டு லெட்டர் நாள்கணக்கில் ரயிலில் வரும். படிக்கத் தெரியாத தாய் அதைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்து, படித்துச் சொல்லுப்பா என்பாள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளிலும் இதே காத்திருப்புத்தான். அங்கே கடிதத்துக்குப் பதில் சில நேரம் கேசட் வரும். சுற்றி உட்கார்ந்து வீடே கேட்கும்.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு மட்டும் எழுத எனக்கு மனம் வராது. போன் இருந்த வீட்டின் கூடத்துக்குள் எல்லோரும் நுழைய முடிந்ததா? சேரியிலிருந்து வந்தவர் வாசற்படிக்குக் கீழே நின்று, உள்ளேயிருந்து யாரோ வாங்கிச் சொன்ன சேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பிய வீடுகள் இருந்தன. சவூதியில் இருக்கும் கணவனோடு பேச வந்த பெண், அந்த வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் பேசினாள். நல்லா இருக்கேன் என்பதைத் தவிர அவள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? உதவிய வீடு நினைத்தால் உதவாமலும் இருந்திருக்கும். அன்றும் நாம் இன்னொன்றை நம்பித்தான் வாழ்ந்தோம். ஆனால் நம்பியது ஓர் ஆளை. அந்த ஆளிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், ஊர்ப் பெரியவரை அழைத்துவந்து நியாயம் கேட்கலாம்.

புதுக் கருவி ஒன்று வந்து ஊரைப் புரட்டிப் போடுவது வாலாஜாவுக்குப் புதிதல்ல. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்தப் பேட்டை ஒரு காலத்தில் வட ஆற்காட்டின் பெரிய சந்தை. மைசூர்ச் சீமையிலிருந்து மலையிறங்கிச் சென்னைக்குப் போகும் சரக்கு இங்கே கை மாறித்தான் மேலே போகும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு இங்கே, இன்றைய வாலாஜா ரோடு நிலையத்துக்கு வந்தது. அந்தப் பெருமையை இன்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் தண்டவாளம் மேற்கே நீண்ட பிறகு சரக்கு வாலாஜாவில் இறங்கவில்லை, நேராகச் சென்னைக்குப் போய்விட்டது. மாட்டுவண்டிக்காரர்களும் தரகர்களும் மண்டிக்காரர்களும் பிழைப்பை இழந்தார்கள். 1866-லேயே நகராட்சியான ஊர், வியாபாரத்தில் பின்தங்கியது. ரயிலோடு கடிகாரமும் வந்தது. இந்திய நேரம் என்று ஒன்று 1906-இல் வரும்வரை ரயில்கள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தில் ஓடின. பொழுதைப் பார்த்துக் கிளம்பிப் பழகியவர்கள் எங்கோ இருக்கும் கடிகாரத்துக்கு ஒத்துவர வேண்டியிருந்தது.

புது வழி திறக்கும் நாளில் கொடி அசைத்து விழா எடுக்கிறோம். பழைய வழி அடைபடும் நாள் எது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. கைபேசி விஷயத்தில் நடந்திருப்பதும் அதுதான் என்பது என் எண்ணம்.

பி.பி. நம்பரை ஒழித்தது செல்போன் அல்ல, எஸ்.டி.டி. பூத். சாம் பிட்ரோடாவின் முயற்சியில் 1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, சிறிய எக்ஸ்சேஞ்சுகள் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட பிறகு, மஞ்சள் பலகைகள் சிற்றூர் வரை வந்தன. கண்ணாடிக் கூண்டு, சுழலும் சின்ன விசிறி, தலைக்கு மேல் சிவப்பு இலக்கங்களில் ஓடும் மீட்டர். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் பதினோரு மணிக்கு மேல் பூத் வாசலில் வரிசை நிற்கும். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் தோல் ஷாப்புகளிலும் இரண்டாவது ஷிஃப்ட் முடித்தவர்கள் சட்டையில் வேலை வாடையோடு வந்து நிற்பார்கள். பூத் உரிமம் தருவதில் மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. ஊருக்கு ஊர் அப்படிப் பலர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள். கைபேசி மலிந்ததும் அந்தக் கூண்டுகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. மாற முடியாதவை மூடப்பட்டன. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போனது. வாலாஜாவுக்கு அது பணக்காரர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு வந்த பொருளாகச் சில ஆண்டுகள் இருந்தது. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள். 2003-இல் அது நின்றது. அதே ஆண்டு நோக்கியா 1100 சந்தைக்கு வந்தது. தலையில் ஒரு சின்ன டார்ச் வைத்த அந்தக் கறுப்பு போன், சில ஆண்டுகள் கழித்து வந்த மின்வெட்டுக் காலத்தில், இருட்டில் தறியில் அறுந்த நூலைத் தேடவும் பயன்பட்டது. பேசக் காசில்லாதவர்கள் மிஸ்டு கால் கொடுத்தார்கள். ஒரு மணி அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு அடித்தால் இறங்கிவிட்டேன், அழைக்க வா. குடும்பத்துக்குக் குடும்பம் அந்தக் கணக்கு வேறுபடும். அந்த போனுக்குப் படிப்பு வேண்டாம். பச்சை, சிவப்பு இரண்டு பொத்தான் தெரிந்தால் போதும். கைபேசி ஏழைக்கு முழுதாகச் சொந்தமாக இருந்த காலம் அது என்பேன். வாசற்படிக்குக் கீழே நின்றவர் முதல்முறையாக யார் தயவும் இல்லாமல் பேசினார்.

கைபேசியோடு எங்கள் பக்கத்துக்கு இன்னொரு உறவும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006-இல் நோக்கியா அங்கே தொழிற்சாலை திறந்தது. சுற்று மாவட்டங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் பெண்கள் போய் வந்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போன அக்காவும் செல்போன் கம்பெனிக்குப் போன தங்கையும் ஒரே வீட்டில் இருந்ததுண்டு. வரித் தகராறும் நிறுவனக் கைமாற்றமும் சேர்ந்து 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். இப்போது அதே பகுதியில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்ததும், மற்றவர்கள் அந்த நெடுஞ்சாலையிலேயே இரவெல்லாம் உட்கார்ந்து மறித்ததும் செய்தியானது. ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. போனை நம்பியிருக்கிறோம் என்று பேசும்போது, அதைச் செய்து கொடுக்கும் கூலியை நம்பியிருக்கும் இந்தப் பெண்களையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்கிறேன்.

மாற்றம் வேகம் பிடித்தது 2016-இல். ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து இணையத்தைக் கிட்டத்தட்ட இலவசமாக்கியது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானது. ஒரே ஆண்டில் மூன்றும் நடந்தன. வாரக்கூலியைக் கையில் வாங்கிப் பழகிய நெசவாளிகளும் தோல் ஷாப்புத் தொழிலாளிகளும் வங்கி வாசலில் நின்ற நாள்கள் இங்கே யாருக்கும் மறக்காது. இன்று வாலாஜா பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மாவின் கூடையில் கியூ.ஆர். அட்டை செருகியிருக்கிறது. டீக்கடைப் பெட்டி, வந்த தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்கிறது. சில்லறை இல்லை என்ற பழைய சண்டை ஒழிந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் பாட்டரி தீர்ந்த போனோடு ஒருவர் பஸ் ஏறிவிட்டால் இன்று அவரிடம் டிக்கெட்டுக்குக் காசு இருக்காது. அழைக்கலாமென்றால் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இருக்காது.

கெட்டதிலும் மிகக் கெட்டதை எங்கள் மாவட்டங்கள் 2018-இல் பார்த்தன. பிள்ளை பிடிக்கும் வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படங்களும் குரல் பதிவுகளும் சுற்றின. ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் பக்கத்தில் வடநாட்டுக்காரர் ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. மே 9 அன்று, போளூருக்கு அருகில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகச் சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஊருக்கு வந்த கிழவி தெருப்பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதை நூறு ஆண்டுகளாகப் பார்த்துவந்த மக்கள் இவர்கள். கண்ணெதிரே நின்ற முகத்தைவிட, யார் அனுப்பியதென்றே தெரியாத ஒரு பதிவு அவர்களுக்கு நம்பத் தகுந்ததாகிவிட்டது. அந்த ஆண்டு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் பக்கத்தில் எதை மாற்றினோம்? அத்திமூரை நினைக்கும் போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். போன் அடிமைத்தனம் என்று பிள்ளைகள் விளையாடும் விளையாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். நான் அதிகம் அஞ்சுவது பெரியவர்களின் இந்த நம்பிக்கையைத்தான்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். அந்த இடைவெளியில் பாடம் போனுக்குள் போய்விட்டது. வீட்டில் ஒரே ஸ்மார்ட் போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போவார். அவர் இரவு வந்த பிறகுதான் பிள்ளை காலையில் வந்த பாடத்தைத் திறக்கும். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கை கொடுத்தது. அந்த நாள்களில் கடன் வாங்கிப் பிள்ளை கையில் போனைக் கொடுத்தது பெற்றோர்தான், கொடுக்கச் சொன்னது பள்ளிக்கூடம்தான். இன்று அதே பிள்ளையைப் பார்த்து எப்போதும் போனையே நோண்டுகிறாயே என்று திட்டுகிறோம். அது நியாயமில்லை.

போன் இல்லாமல் நடக்காத காரியங்கள் இன்று எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் மின்வாரியக் கணக்கெடுப்பாளர் வந்து, மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கிய வெள்ளை அட்டையில் யூனிட்டை எழுதிவிட்டுப் போவார். இப்போது தொகை குறுஞ்செய்தியாக வருகிறது. பதிவான எண் மகனுடையது என்றால், வீட்டில் இருக்கும் தாய்க்குத் தன் வீட்டு கரண்ட் பில் எவ்வளவு என்று தெரியாது. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி ஓ.டி.பி. கேட்கிறார், மகன் சென்னையில் ஷிஃப்டில் இருக்கிறான். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுங்கச்சாவடியில் 2021 பிப்ரவரி நடுவிலிருந்து பாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் என்றானது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு செயலி வழியாக என்றானது. வேலை நடக்கும் இடத்திலிருந்து நாளுக்கு இரண்டு முறை படம் ஏற வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காத நாளில், மண் சுமந்த பெண் தன் கண்ணெதிரே தான் வராதவளாகப் பதிவாவதைப் பார்க்க நேர்கிறது.

ரேஷன் கடைக்கு வருகிறேன். 2017-இல் பழைய குடும்ப அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரிலிருந்து விரல் ரேகை வைக்க வேண்டும் என்றானது. மற்ற ஊர்களில் இது எப்படியோ, தோல் தொழில் செய்யும் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தனி வேதனை உண்டு. பச்சைத் தோலில் முடி நீங்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். பிறகு அமிலம், குரோமியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ரசாயனம். கையுறை ஒழுங்காகத் தரப்படாத நாள்களில் இருபது முப்பது ஆண்டுகள் அந்தத் தொட்டிகளில் கை விட்ட ஒருவரின் விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். சாயப் பட்டறையில் வேலை செய்தவர்கள், நாற்று நட்டே வயதானவர்கள் கையும் அப்படித்தான். ‘இன்னொரு விரலை வைங்க ஆயா, அழுத்தி வைங்க’ என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். பத்து விரலையும் வைத்துப் பார்ப்பார்கள். முப்பது ஆண்டுகளாக அவளுக்கு அரிசி போட்ட கடை. அவளுக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். ஆனாலும் கருவி ஒப்பாவிட்டால் அவர் மூட்டையில் கை வைக்கத் தயங்குகிறார். அன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்த அதிகாரம் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். இங்கே கெஞ்சினால் கேட்க ஆளில்லை.

கிடைத்ததையும் மறைக்கக் கூடாது. கம்மவான்பேட்டைத் தாய் இன்று லடாக்கில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், தபால்காரர் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. சவூதியில் இருப்பவர் தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதை அன்றே பார்க்கிறார். வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்து வரும் நோயாளி, தங்கும் விடுதியில் தன் மொழியில் பேசிப் போனை நீட்டுகிறார். அது தமிழில் திருப்பிச் சொல்கிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில் வரத் தொடங்கியபோது, தன் போனில் வந்த அந்தச் செய்தியை எத்தனையோ பெண்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். தன் பெயரில் கணக்கு, தன் கையில் போன், கேட்க வேண்டிய ஆள் யாருமில்லை. பி.பி. நம்பர் காலத்துப் பெண்ணுக்கு இது கனவிலும் இல்லாதது. இதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, எனக்கும் இல்லை.

ஆகவே நான் கேட்பது போனைத் தூக்கி எறிவதை அல்ல. போன் இல்லாமலும் காரியம் நடக்கும் ஒரு ஜன்னல் ஒவ்வோர் அலுவலகத்திலும் திறந்திருக்க வேண்டும், அதில் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை. ரேகை பதியவில்லையா, கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போடும் அதிகாரம் அந்தக் கடைக்காரர் கையில் நடைமுறையிலும் இருக்க வேண்டும். செயலி வேலை செய்யவில்லையா, பணித்தளப் பொறுப்பாளரின் நோட்டுக்கு மதிப்பு வேண்டும். கரண்ட் கணக்கைக் கேட்கிற வீட்டுக்கு அட்டையிலும் எழுதித் தர வேண்டும். இதெல்லாம் பெரிய செலவில்லை. மனிதரை நம்பினால் திருட்டு நடக்கும் என்பார்கள். நடந்ததுதான், போலி அட்டைகள் இருந்தன, எடையில் அடித்தார்கள். அதற்காக உண்மையான ஆயாவை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமாகிவிடாது.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழ்நாட்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள் வண்டியில் வீட்டுக்கே போகத் தொடங்கியது. கூடவே மின்னணுத் தராசும் விரல் ரேகைக் கருவியும் போயின. வாசல் வரை ஆளை அனுப்பத் தெரிந்த அரசு, ரேகை பதியாத விரலைக் கண்டால் அந்த ஆளின் சொல்லையே ஏற்றுக்கொள்வதை ஒவ்வொரு கடையிலும் நடைமுறையாக்கலாம். அதைச் செய்யச் சொல்லித்தான் வாலாஜாவிலிருந்து இதை எழுதுகிறேன்.